ஒர்க்ஷீட்டா, அபாகஸா, ஆப்பா, விளையாட்டா: சின்னக் குழந்தைக்குக் கணக்கை எதிலிருந்து தொடங்குவது?

மூன்றிலிருந்து ஏழு வயதுக்குள் ஒரு குழந்தை வீட்டில் இருந்தால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். தெரிந்தவர் பிள்ளை நூறு வரை கடகடவென்று சொல்கிறது, இன்னொன்று இரண்டிலக்கக் கூட்டல் போடுகிறது, நம் பிள்ளைக்கு எதை ஆரம்பிப்பது? ஒர்க்ஷீட் புத்தகம் வாங்கலாமா, அபாகஸ் வகுப்பில் சேர்க்கலாமா, டேப்லெட்டில் ஏதாவது ஆப் போட்டுக் கொடுக்கலாமா, மாண்டிசோரிப் பள்ளியாகத் தேடலாமா, இல்லை பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடலாமா? எதைத் தேர்ந்தெடுத்தாலும் பணமோ நேரமோ போகும். அதைவிட முக்கியமாக, கணக்கு என்றால் என்ன என்கிற முதல் எண்ணம் குழந்தை மனதில் இந்த வயதில்தான் விழுகிறது. "பெரியவர் மனதில் வைத்திருக்கும் விடையைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் கணக்கு" என்று விழுந்துவிட்டால் பிறகு அதை மாற்றுவது ரொம்பக் கஷ்டம்.

அதனால் நான் எல்லா வழிகளையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன். குழந்தை தப்பாகச் செய்தால், அது தப்பு என்று அதற்கு யார் சொல்கிறார்கள்? சிவப்பு மையா, ஆப்பிலிருந்து வரும் சத்தமா, அம்மாவின் முகமா, இல்லை கையில் இருக்கும் பொருள்களா? ஐந்து பேருக்குத் தட்டு வைக்கச் சொன்னால் குழந்தை நாலு வைக்கிறது, ஒருவர் முன்னால் தட்டு இல்லை. யாரும் வாயைத் திறக்க வேண்டாம், அதுவே போய் இன்னொன்று எடுத்து வரும். விடை சரியா என்று தானே பார்த்துக்கொள்ள முடியும் என்பது அந்தக் குழந்தைக்கு அங்கே பிடிபடுகிறது. இந்த வாய்ப்பு எந்த வழியில் அதிகமோ அதற்குத்தான் என் ஓட்டு.

எண் சொல்வது வேறு, எத்தனை என்று தெரிவது வேறு

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் உங்கள் குழந்தை எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வயதை மட்டும் வைத்து முடிவெடுத்தால் பெரும்பாலும் தவறிப்போகும். ஒரு கிண்ணம் நிறையப் பொத்தான்களை எடுத்து வைத்துக்கொண்டு "எனக்கு மூன்று கொடு" என்று கேளுங்கள். இருபது வரை தப்பில்லாமல் ஒப்பிக்கிற குழந்தைகூட ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்துவிடும். எண்களின் வரிசை அதற்கு ஒரு பாட்டு மாதிரி, வார்த்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, அவ்வளவுதான். கேரன் வின் என்கிற உளவியல் ஆய்வாளர் 1990 வாக்கில் இந்தச் சோதனையை வைத்துத்தான் ஒரு அழகான விஷயத்தைக் காட்டினார். குழந்தைக்கு முதலில் "ஒன்று" மட்டும் புரிகிறது, இரண்டு கேட்டாலும் ஏழு கேட்டாலும் அள்ளித்தான் கொடுக்கிறது. பல மாதங்கள் கழித்து "இரண்டு" புரிகிறது, அப்புறம் "மூன்று". அதற்குப் பிறகு ஒரு நாள் மொத்தமாகப் பிடிபடுகிறது: எண்ணும்போது கடைசியாகச் சொல்லும் எண்தான் "எத்தனை" என்பதற்கு விடை. பெரும்பாலான குழந்தைகள் இரண்டரை வயதுக்கும் நாலு வயதுக்கும் நடுவில் இந்த ஏணியில் ஏறுகிறார்கள், ஒரு வருடத்துக்கு மேலேயே எடுத்துக்கொள்கிறார்கள்.

எண்ணுதல் என்ற ஒரு வேலைக்குள்ளேயே பல புரிதல்கள் அடங்கியிருக்கின்றன என்று ராச்செல் கெல்மனும் ராண்டி கேலிஸ்டலும் 1978-இல் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு எண்தான், எண்களின் வரிசை மாறக்கூடாது, கடைசி எண்தான் மொத்தம், எதை வேண்டுமானாலும் எண்ணலாம், எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் அதே எண்ணிக்கைதான். கடைசியில் சொன்னதைச் சோதித்துப் பாருங்கள், ஐந்து வயதுக் குழந்தைகளில்கூடச் சிலருக்கு அது ஆச்சரியமாக இருக்கும். வலமிருந்து எண்ணினாலும் ஏழுதானா என்று திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பார்கள். அப்படி எண்ணிப் பார்க்கும்போது குறுக்கே பேசாதீர்கள், அதைவிட நல்ல கணக்குப் பாடம் அந்த வயதில் கிடையாது.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரே எண்ணிக்கையில் இரண்டு வரிசை காய்களை வைத்து, ஒரு வரிசையை மட்டும் இடைவெளி விட்டு நீட்டினால், ஆறேழு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் "நீளமான வரிசையில்தான் அதிகம்" என்று சொல்வார்கள் என்பது சுவிஸ் உளவியலாளர் ஜான் பியாஜே காட்டிய புகழ்பெற்ற சோதனை. ஆனால் 1974-இல் மெக்காரிகிள், டொனால்ட்சன் என்ற இருவர் இதையே கொஞ்சம் மாற்றிச் செய்தார்கள். வரிசையை ஆய்வாளர் கலைக்காமல் ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை வந்து கலைப்பது போல நடத்தியபோது, "இரண்டும் சமம்தான்" என்று சரியாகச் சொன்ன குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் கூடியது. பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே வரிசையை மாற்றிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், வேறு விடையை எதிர்பார்க்கிறார் போலிருக்கிறது என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது. குழந்தை எண்ணிக்கையைப் பார்ப்பதை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்கத் தொடங்குவது எவ்வளவு சுலபம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. யார் தப்பு என்று சொல்கிறார்கள் என்ற கேள்வியை நான் பிடித்துக்கொண்டிருப்பதற்கும் இதுதான் காரணம்.

வீட்டுப் பேச்சு

செலவே இல்லாத வழி. அதனாலேயே பலர் இதை ஒரு வழியாகவே கணக்கில் எடுப்பதில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் சூசன் லெவினும் உடன் பணியாற்றியவர்களும் 44 குடும்பங்களின் வீடுகளுக்குப் போய், குழந்தையின் 14 மாதத்திலிருந்து 30 மாதம் வரை, ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம் வழக்கமான பேச்சைப் பதிவு செய்தார்கள். மொத்தப் பதிவிலும் ஒரு பெற்றோர் 4 எண் வார்த்தைகள் சொல்லியிருந்தார், இன்னொருவர் 257. அந்தக் குழந்தைகளுக்கு 46 மாதம் ஆனபோது எண்களின் பொருள் எவ்வளவு புரிந்திருக்கிறது என்று பார்த்தால், அதிகம் கேட்ட குழந்தைகள் முன்னால் நின்றார்கள், குடும்ப வசதியைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும். அடுத்து வந்த ஆய்வு இன்னும் பயனுள்ளது: சும்மா எண் சொல்வதைவிட, கண் முன்னால் இருக்கிற பொருள்களை எண்ணிக் காட்டுவதும், அதிலும் நாலிலிருந்து பத்து வரையிலான தொகுப்புகளைப் பற்றிப் பேசுவதும்தான் பின்னாளைய புரிதலோடு அதிகம் ஒட்டி வந்தது. பெரும்பாலான வீடுகளில் மூன்றோடு நிறுத்திவிடுகிறோம்.

எப்படிப் பேசுவது என்பதில் ஒரே ஒரு நுணுக்கம்தான். "ஒன்று, இரண்டு, மூன்று, நாலு" என்று எண்ணி முடித்தவுடன் "ஆக, நாலு செருப்பு" என்று மொத்தத்தையும் சொல்லிவிட வேண்டும். எண்ணுவதையும் எத்தனை என்பதையும் குழந்தை முடிச்சுப் போடுவது அந்த ஒரு வாக்கியத்தில்தான். அப்புறம், கணக்கு என்றாலே எண் மட்டும்தான் என்று இல்லை. எது நீளம், எந்தப் பாத்திரத்தில் அதிகம் பிடிக்கும், இந்த மூடி அந்த டப்பாவுக்குச் சேருமா, சிவப்பு நீலம் சிவப்பு நீலம் என்று அடுக்கினால் அடுத்து எது வரும், பாதியாகப் பிரித்தால் இரண்டும் ஒரே அளவா, இவை எல்லாமே கணக்குதான், இவற்றில் பெரும்பாலானவற்றில் குழந்தை தானே சரிபார்த்துக்கொள்ளலாம். மூடி சேரவில்லை என்றால் சேரவில்லை.

விரலை விட்டு எண்ணினால் திட்டாதீர்கள். ஆறு வயது வரை விரல்தான் குழந்தை எங்கே போனாலும் கூடவே வரும் கணக்குக் கருவி, விரலை நன்றாகப் பயன்படுத்துகிற சின்னக் குழந்தைகள் கூட்டலில் முன்னால் போவதையே ஆய்வுகளும் காட்டுகின்றன. எட்டு வயதிலும் அதையே நம்பி இருந்தால் அப்போது யோசிக்கலாம்.

எந்த மொழியில் எண்ணுவது என்று சிலர் கேட்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசினால் தமிழிலேயே தொடங்குவது நல்லது. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று பத்தும் மிச்சமும் பெயரிலேயே இருப்பதால், பத்தைத் தாண்டினால் என்ன ஆகிறது என்பது காதிலேயே விழுகிறது, ஆங்கிலத்தில் லெவன், ட்வெல்வ் என்று வரும் இடத்தில் அது மறைந்துபோகிறது. தமிழிலும் எண்பத்தொன்பதுக்குப் பிறகு குழந்தைகள் தடுக்கி விழுவார்கள், தொண்ணூறுக்குள் நூறு கேட்பதால் நூறைத் தொட்டுவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். அந்த இடத்தில் பத்துப் பத்தாகக் குச்சிக்கட்டு அடுக்கிக் காட்டினால் தீர்ந்துவிடும். பள்ளியில் ஆங்கிலத்தில் வந்தால் வரட்டும், எத்தனை என்பது ஒரு மொழியில் புரிந்துவிட்டால் அடுத்த மொழியில் பெயர் மட்டும் கற்றுக்கொண்டால் போதும்.

இந்த வழியின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். கணக்கு என்றாலே உதறல் எடுக்கிற பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவினால், அந்தக் குழந்தைகள் வருட முடிவில் குறைவாகக் கற்றிருந்தார்கள், கணக்குப் பயமும் கூடியிருந்தது என்று 2015-இல் எரின் மலோனி குழுவினர் காட்டினார்கள். உதவாமல் இருங்கள் என்று இதற்குப் பொருள் கிடையாது. வீட்டுப்பாடம் என்பது சரி, தப்பு, சீக்கிரம், இப்படிப் போடு என்கிற இடம், அங்கே நம் பயம் குழந்தைக்கு நேராகக் கடத்தப்படுகிறது. அதே ஆண்டில் வந்த இன்னொரு ஆய்வில், 587 முதல் வகுப்புக் குழந்தைகளின் குடும்பங்களுக்கு, பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து படித்துப் பேசுகிற மாதிரி சின்னச் சின்னக் கணக்குக் கதைகள் கொண்ட ஒரு ஆப் கொடுத்தார்கள். அதில் அதிகம் பயனடைந்தது கணக்குப் பயம் உள்ள பெற்றோரின் பிள்ளைகள்தான். ஆக, பயம் உள்ளவர்கள் வீட்டுப்பாடத்தைப் பள்ளிக்கு விட்டுவிட்டு, பேச்சையும் விளையாட்டையும் எடுத்துக்கொள்ளலாம்.

பகடையும் கட்டங்களும்

எல்லா வழிகளிலும் செலவுக்குக் கிடைக்கும் பயன் இதில்தான் அதிகம் என்பது என் எண்ணம். கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு ரொம்ப எளிமையானது. ஒன்றிலிருந்து பத்து வரை ஒரே நேர்கோட்டில் பத்துக் கட்டங்கள், சுழற்றினால் ஒன்று அல்லது இரண்டு வரும் ஒரு முள், இரண்டு காய்கள். வசதி குறைந்த குடும்பங்களிலிருந்து வந்த மழலையர் வகுப்புக் குழந்தைகள் இரண்டு வாரத்தில் நான்கு தடவை, தடவைக்குக் கால் மணி நேரம் இதை ஆடினார்கள், மொத்தமே ஒரு மணி நேரம். எண்களை ஒப்பிடுவது, எண்கோட்டில் இடம் சொல்வது, எண்ணுவது, எண் வடிவத்தை அடையாளம் காண்பது, நாலிலும் முன்னேற்றம் தெரிந்தது, ஒன்பது வாரம் கழித்தும் அது நீடித்தது. எண்களுக்குப் பதிலாக நிறக் கட்டங்களில் ஆடிய குழந்தைகளுக்கு அந்த முன்னேற்றம் வரவில்லை. கட்டங்களை வட்டமாக அடுக்கிப் பார்த்தபோதும் அவ்வளவு பயன் இல்லை.

ஏன் நேர்கோடு? பெரிய எண் வரை போன காய் தூரத்தில் நிற்கிறது, அங்கே போக அதிக நேரம் ஆகியிருக்கிறது, அதிகத் தடவை நகர்த்த வேண்டியிருந்திருக்கிறது, அதிக எண் வார்த்தைகள் காதில் விழுந்திருக்கின்றன. எட்டு என்பது மூன்றைவிடப் பெரிது என்பதைக் கண், காது, கை மூன்றும் ஒரே நேரத்தில் சொல்கின்றன. வீட்டில் கடைபிடிக்க வேண்டிய ஒரு விதி இருக்கிறது, இது பின்னாளில் சீக்லர் இன்னொரு ஆய்வில் காட்டியது. காய் ஐந்தில் நிற்கும்போது இரண்டு விழுந்தால் "ஒன்று, இரண்டு" என்று நகர்த்தக் கூடாது, "ஆறு, ஏழு" என்று கட்டத்தில் எழுதியிருக்கிற எண்ணைச் சொல்லி நகர்த்த வேண்டும். முதல் விதத்தில் ஆடினால் அதே விளையாட்டில் கற்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே ஒரு அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் இருந்தால் போதும். வளைந்து வளைந்து திரும்பும் நூறு கட்டப் பலகையை ஆறு வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். தப்பாக நகர்த்தினால் யார் சொல்கிறார்கள்? எதிரில் ஆடுகிற குழந்தை சொல்லும், அதுவும் உடனே, சத்தமாக. பெரியவர் திருத்துவதை விட இன்னொரு குழந்தை "நீ ஒன்று அதிகம் வைத்துவிட்டாய்" என்று சொல்லும்போது நடக்கிற வாக்குவாதம் எவ்வளவோ மேல், ஏனென்றால் இருவரும் திரும்ப எண்ணிப் பார்த்தாக வேண்டும்.

கையில் பிடிக்கும் கருவிகள்

பின்னாளில் கிண்டர்கார்டன் என்று பெயர்பெற்ற பள்ளியை 1837-இல் தொடங்கிய ஜெர்மானியக் கல்வியாளர் ஃப்ரோபெல் எட்டுச் சின்னக் கனசதுரங்களாகப் பிரியும் ஒரு மரக் கனசதுரத்தைக் குழந்தைகள் கையில் கொடுத்தார். 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மாண்டிசோரி இதை இன்னும் கூர்மையாக்கினார். என் அளவுகோலை அவர் ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார், தப்பைக் கருவியே காட்டிக்கொடுக்க வேண்டும் என்று. உதாரணமாக அவருடைய குச்சிப்பெட்டி: பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை பத்து அறைகள், மொத்தம் 45 குச்சிகள். எங்கேயோ ஒன்று அதிகம் போட்டால் ஒன்பது என்ற அறைக்குக் குச்சி குறையும், குறைத்துப் போட்டால் கடைசியில் கையில் மிஞ்சும். ஆசிரியர் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. பூஜ்ய அறை காலியாகவே நிற்பதால், ஒன்றுமில்லாததற்கும் ஒரு எண் உண்டு என்பது சொல்லாமலே புரிந்துவிடுகிறது. அவருடைய மணிகளும் அப்படித்தான். ஒரு மணி, பத்து மணி கோத்த கம்பி, நூறு மணிச் சதுரம், ஆயிரம் மணிக் கனசதுரம், நாலையும் தூக்கிப் பார்த்த ஐந்து வயதுக் குழந்தைக்கு இடமதிப்பு கையில் கனமாகத் தெரியும்.

பெல்ஜியத்து ஆசிரியர் ஜார்ஜ் குய்ஸ்னேரின் வண்ணக் கட்டைகள் வேறு மாதிரி. ஒன்றிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை பத்து நீளங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், மேலே கோடோ எண்ணோ கிடையாது. ஆரஞ்சுக் கட்டைக்குச் சமமாக எந்த இரண்டு கட்டைகளை ஒட்டி வைக்கலாம் என்று தேடும் குழந்தை, இரண்டு மஞ்சளும் சேரும், பழுப்பும் சிவப்பும் சேரும் என்று கண்டுபிடிக்கும்போது பத்தின் எல்லாப் பிரிவுகளையும் எண்ணாமலேயே தொட்டுவிடுகிறது. எண்ணுவதில் நல்ல பிடிப்பு வந்த குழந்தைக்கு இதை வாங்கலாம், மூன்று வயதில் வேண்டாம், அப்போது எண்ணக்கூடிய பொருள்களே நல்லது.

கருவிகளில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. எண்ணுவதற்காகக் குட்டி டைனோசர்களை வாங்கிக் கொடுத்தால் குழந்தை டைனோசரோடு விளையாடும், எண்ணாது. விளையாட்டுப் பொருளாகப் பார்ப்பதையே எண்ணுக்குப் பதிலாளாகவும் பார்ப்பது சின்னக் குழந்தைக்குக் கடினம் என்று டேவிட் உட்டலும் ஜூடி டிலோச்சும் நெடுங்காலமாக எழுதி வந்திருக்கிறார்கள். சாதாரணப் பொத்தான், கூழாங்கல், பாட்டில் மூடி இவையே மேல். மாண்டிசோரிப் பள்ளியில் சேர்க்கலாமா என்றால், அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குலுக்கல் முறையில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டு 2006-இல் வெளியான ஆய்வில் கிடைத்த ஐந்து வயதுக் குழந்தைகள் கணக்கில் முன்னால் இருந்தார்கள். ஆனால் பெயர்ப் பலகையில் மாண்டிசோரி என்று எழுதியிருப்பதும் கருவிகள் குழந்தைகளுக்கு எட்டும் அலமாரியில் இருப்பதும் ஒன்றல்ல, உள்ளே போய்ப் பாருங்கள், கருவி கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருந்தால் திரும்பி வந்துவிடலாம்.

ஒர்க்ஷீட், அபாகஸ், ஆப்

ஒர்க்ஷீட்டுக்கு நான் எதிரி இல்லை. ஜப்பானில் டோரு குமோன் 1954-இல் தன் மகனுக்காக எழுதத் தொடங்கிய தாள்கள் உலகம் முழுக்கப் பரவியதற்குக் காரணம் இருக்கிறது, தினமும் கொஞ்சம் பயிற்சி என்பது ஏற்கெனவே புரிந்ததை வேகமாக்கும். ஆனால் புரியாததைப் புரியவைக்கும் வேலையை அது செய்யாது. "3 + 4 =" என்று எழுதி ஒரு காலிக் கட்டம் இருக்கும் தாளில் குழந்தை 8 என்று எழுதினால் காகிதம் ஒன்றும் சொல்லாது, அடுத்த நாள் டிக் மார்க்கோ சிவப்புக் கோடோ வரும்வரை குழந்தைக்கு எதுவும் தெரியாது. இன்னொரு சேதமும் நடக்கிறது, அது பல வருடம் கழித்துத்தான் தெரியவரும். எப்போதும் கணக்கு இடதுபக்கம், விடை வலதுபக்கம் என்றே பார்த்துப் பழகுவதால், சமக்குறி என்றால் "இங்கே விடை எழுது" என்று குழந்தை எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் தாமஸ் கார்பென்டரும் சக ஆய்வாளர்களும் 8 + 4 = □ + 5 என்று கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றிலிருந்து ஆறாம் வகுப்பு வரை எந்த நிலையிலும் சரியாக 7 எழுதியவர்கள் 10 சதவீதத்தைத் தொடவில்லை. பெரும்பாலோர் 12 என்றும் 17 என்றும் எழுதினார்கள். ஒர்க்ஷீட் கொடுத்தே ஆக வேண்டிய சூழ்நிலை என்றால் நீங்களே கையால் எழுதிக் கொடுங்கள், சில சமயம் 7 = 3 + □ என்று, சில சமயம் 5 + 1 = 4 + □ என்று, பக்கத்தில் பொத்தான்களும் இருக்கட்டும்.

அபாகஸ் பற்றிக் கேட்பவர்கள்தான் அதிகம். ஜப்பானிய அபாகஸான சொரொபானில் ஒவ்வொரு கம்பியிலும் மேலே ஐந்தைக் குறிக்கும் ஒரு மணி, கீழே ஒன்றைக் குறிக்கும் நாலு மணிகள். குழந்தை அதைக் கையால் ஆட்டிப் பழகி, பிறகு மனதில் ஆட்டிக் கணக்குப் போடுகிறது. இதைப் பற்றி விளம்பரங்களைத் தள்ளிவிட்டுப் பார்க்க வதோதராவில் டேவிட் பார்னர் குழுவினர் மூன்று வருடம் நடத்திய ஆய்வு இருக்கிறது, 2016-இல் வெளியானது. ஐந்திலிருந்து ஏழு வயதுக் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிக்கு அபாகஸும் இன்னொரு பகுதிக்கு அதே நேரத்துக்குக் கூடுதல் கணக்குப் பாடமும் கொடுத்தார்கள். அபாகஸ் படித்தவர்கள் கூட்டல் கழித்தல் போடுவதில் முன்னேறினார்கள், அது உண்மை. ஆனால் நினைவாற்றல், கவனம், மூளைத்திறன் எல்லாம் கூடும் என்று சொல்கிறார்களே, அப்படி ஒரு மாற்றமும் தென்படவில்லை. படங்களை மனதில் வைத்துக்கொள்ளும் திறன் ஆரம்பத்திலேயே நன்றாக இருந்த குழந்தைகளுக்குத்தான் பயனும் அதிகம். ஆகவே வேகமாகக் கணக்குப் போட வேண்டும் என்ற ஆசை குழந்தைக்கே இருந்தால், ஏழு எட்டு வயதில், பொழுதுபோக்காகச் சேர்க்கலாம். நாலு வயதில் "எத்தனை" புரியாத குழந்தையைச் சேர்ப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை, மேலே ஒரு மணி ஐந்துக்குச் சமம் என்பது ஐந்து என்றால் என்ன என்று தெரிந்தவருக்குத்தான் பொருள்படும்.

ஆப் விஷயம் சுருக்கம்தான். தட்டினால் உடனே சத்தமும் நட்சத்திரமும் வருவதால் சரியா தப்பா என்பது குழந்தைக்குத் தெரிகிறது, ஏன் என்பது தெரிவதில்லை, தப்பானால் இன்னொன்றைத் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். நாலு பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஆப்களை விடுங்கள். திரையில் பொருள்களை நகர்த்தி, பிரித்து, சேர்த்துப் பார்க்க விடும் ஆப் ஒன்றிரண்டு போதும், அதுவும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால்.

காத்திருப்பது

கடைசி வழி, எழுத்துக் கணக்கே வேண்டாம், வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது. இதற்கு ஒரு நல்ல முன்னோடி உண்டு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் மான்செஸ்டர் நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்த பெனிசெட் 1929-இல் சில வகுப்புகளில் முறையான எழுத்துக் கணக்கையே நிறுத்திவிட்டு, ஏறக்குறைய ஆறாம் வகுப்பு வரை தள்ளிப்போட்டார். அந்தப் பிள்ளைகள் கடிகாரம் பார்த்தார்கள், நீளமும் தூரமும் ஊகித்து அளந்தார்கள், பேசினார்கள். பிறகு எழுத்துக் கணக்கு தொடங்கியபோது ஒரு வருடத்துக்குள் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிட்டார்கள் என்று 1930-களின் நடுவில் எழுதினார். இன்றைய ஆய்வு அளவுகோலில் இது பலமான சான்று கிடையாது. ஆனால் பலரும் இதைத் தப்பாகப் படிக்கிறார்கள், பெனிசெட் நிறுத்தியது எழுத்தைத்தான், அளப்பதையும் ஊகிப்பதையும் பேசுவதையும் அவர் கூட்டினார். வீட்டிலும் ஒன்றும் பேசாமல், பள்ளியிலும் ஒன்றும் நடக்காமல் வெறுமனே காத்திருப்பது இது அல்ல. கிரெக் டங்கன் குழுவினர் 2007-இல் ஆறு நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பள்ளியில் சேரும்போது இருக்கிற கணக்கறிவுதான் பின்னாளைய படிப்போடு மற்ற எதையும்விட வலுவாக ஒட்டி வந்தது. ஒன்றால் மற்றது விளைந்தது என்று அதை வைத்து நிரூபிக்க முடியாதுதான், ஆனாலும் பேசாமல் விட்டுவிட அது காரணம் தரவில்லை.

பள்ளியில் என்ன பார்ப்பது

பள்ளி பார்க்கப் போகும்போது பாடத்திட்டத்தைக் கேட்பதைவிட வகுப்பில் அரை மணி நேரம் உட்கார அனுமதி கேளுங்கள். மழலையர் வகுப்பு ஆசிரியர்கள் ஒரு மணி நேரத்தில் கணக்குச் சார்ந்து எத்தனை முறை பேசுகிறார்கள் என்று எண்ணிய ஒரு ஆய்வில் ஒருவர் ஒரே ஒரு முறை, இன்னொருவர் 104 முறை. அதிகம் பேசியவர்களின் வகுப்பில்தான் அந்த வருடக் கற்றல் அதிகம். அது கணக்குப் பாட நேரத்தில் மட்டும் நடக்கிற பேச்சு அல்ல, வரிசையில் நிற்கும்போது, தாள் கொடுக்கும்போது நடப்பது. இரண்டாவதாக, குழந்தைகள் தவறாகச் சொன்னால் ஆசிரியர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். "தப்பு, வேறு யார்?" என்கிறாரா, "எப்படிக் கண்டுபிடித்தாய், காட்டு" என்கிறாரா? சரியாகச் சொன்ன குழந்தையிடமும் இரண்டாவதைக் கேட்கிற ஆசிரியர் கிடைத்தால் கட்டடம் பழசாக இருந்தாலும் அங்கேயே சேர்த்துவிடுங்கள். மூன்றாவது, தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்கிறார்களா என்று பாருங்கள், குழந்தைகள் பள்ளிக்கு வரும்போதே தெரிந்துகொண்டு வரும் எண்ணுதலிலும் வடிவப் பெயர்களிலுமே பல வகுப்புகள் நேரத்தைப் போக்குகின்றன. ஆசிரியருக்கே கணக்குப் பயம் இருந்தால் அதுவும் ஒட்டும். அமெரிக்காவில் 2010-இல் ஷான் பைலாக் குழுவினர் பார்த்த வகுப்புகளில், கணக்குப் பயம் உள்ள ஆசிரியைகளிடம் படித்த சிறுமிகள் "கணக்கு ஆண்பிள்ளைகளுக்குத்தான் வரும்" என்று அதிகம் நம்பத் தொடங்கியிருந்தார்கள், அப்படி நம்பியவர்களின் மதிப்பெண்ணும் குறைந்திருந்தது.

அப்படியென்றால் எதை எடுப்பது? "மூன்று கொடு" சோதனையில் அள்ளிக் கொடுக்கும் குழந்தை என்றால் வீட்டுப் பேச்சும் பொத்தான்களும் மட்டும், வேறு எதையும் வாங்க வேண்டாம். எத்தனை என்பது பிடிபட்ட குழந்தைக்கு நேர்கோட்டுப் பலகை, வண்ணக் கட்டைகள், பத்தாகக் கட்டிய குச்சிகள். ஆறு வயதுக்கு மேல், பத்தை எப்படி வேண்டுமானாலும் பிரித்துச் சொல்லத் தெரிந்த பிறகு எழுத்துப் பயிற்சி கொஞ்சம் கொஞ்சமாக வரலாம். ஏற்கெனவே பள்ளி தினமும் ஒர்க்ஷீட் அனுப்புகிறது, தப்பிக்க வழியில்லை என்றால் அதை முழுக்க ஒதுக்கவும் வேண்டாம், ஒவ்வொரு தாளிலும் ஒரே ஒரு கணக்கை எடுத்து, எழுதும் முன் பொருள்களை வைத்துச் செய்யச் சொல்லுங்கள், எழுதிய பிறகு "இது சரிதான் என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். முதல் சில வாரம் குழந்தை உங்கள் முகத்தைத்தான் பார்க்கும். நீங்கள் ஒன்றும் காட்டாமல் இருந்தால், பொத்தான்களைத் திரும்ப எண்ணத் தொடங்கும்.